பட்டாவில் காணாமல் போன 12 சென்ட்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் எங்கள் ஊரில் தாத்தா வாங்கிய கொல்லை ஒன்று இருக்கிறது. 1961ஆம் ஆண்டுக் கிரையப் பத்திரத்தில் அதன் அளவு ஒரு ஏக்கர். கிணறும் கிணற்று மேடும் உட்பட என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பாகம் பிரித்துக்கொள்ள வேண்டிய நேரம் வந்தபோது இ-சேவை மையத்துக்குப் போனோம். பத்து நிமிடத்தில் பட்டா நகல் கைக்கு வந்துவிட்டது. ‘ஹெக்டேர் - ஏர்’ என்ற கட்டத்தில் 0 - 35.50 என்று இருந்தது. ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 40.50 ஏர் வர வேண்டும். ஐந்து ஏர் குறைகிறது. சென்ட் கணக்கில் 12க்குச் சற்று மேல்.

பெரியப்பா அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தார். “கிணற்று மேட்டை நாம் எப்போதப்பா எழுதிக் கொடுத்தோம்?” என்று என்னைக் கேட்டார். யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். 1975 முதல் இன்று வரை அந்தப் புல எண்ணில் விற்பனையோ அடமானமோ இல்லை. இணையத்தில் அ பதிவேட்டை, அதாவது கிராமத்தின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் பரப்பும் வகையும் உரிமையாளர் பெயரும் எழுதியிருக்கும் பதிவேட்டை, திறந்து அடுத்த உட்பிரிவைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கிணறும் மேடும் தனி உட்பிரிவாக நிற்கின்றன. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சொல்: அனாதீனம்.

உரிமையாளர் யாரென்று தெரியாத நிலத்துக்கு வருவாய்த் துறை வைத்திருக்கும் பெயர் அது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் நீர் இறைக்கும் கிணறு, அரசாங்கக் கணக்கில் ஆளில்லாத கிணறாக இருக்கிறது.

நிலப் பதிவுகள் எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டன, இனி எதையும் யாரும் மறைக்க முடியாது என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒற்றைச் சொல் நினைவுக்கு வருகிறது. இன்று யார் பெயரில் எவ்வளவு நிலம் என்பதை இணையம் சொல்கிறது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எந்த ஆண்டிலிருந்து அப்படி ஆனது, எந்த உத்தரவால், யாரை விசாரித்து, யார் கையெழுத்தில் என்பதை அது சொல்வதில்லை. பதிவின் கடைசி வரி திறந்திருக்கிறது. அந்த வரி எப்படி வந்தது என்ற காரணம் ஏதோ ஓர் அலுவலகத்தின் பீரோவில் கட்டுக் கட்டாக இருக்கிறது. அதையும் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு. வேலூரும் சுற்றியுள்ள மாவட்டங்களும் ஒன்றாக இருந்த பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அதில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. இரண்டையும் விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

எது திறந்திருக்கிறது

வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டா, சிட்டா, அ பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைப் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் தெரிந்தால் போதும். ஓர் இடம் அரசுப் புறம்போக்கா என்றும் சரிபார்க்கலாம். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்க விவரங்களைத் தேடலாம். பெரும்பாலான சார் பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 வரை பின்னோக்கிப் போகலாம். அதற்கு முந்தையது வேண்டுமானால் நேரில் மனுப் போட்டுப் புத்தகத்தைத் தேடச் சொல்ல வேண்டும்.

இந்தத் திறப்பைக் கணினி கொண்டுவந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவைப் படித்தால் வியப்பாக இருக்கும். அசையாச் சொத்துகளின் ஆவணங்கள் பதியப்படும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம், சான்றிட்ட நகலும் பெறலாம் என்று அப்போதே எழுதியிருக்கிறார்கள். ‘உனக்கு என்ன சம்பந்தம்’ என்று கேட்க அங்கே இடமில்லை. உயில்கள் பதியப்படும் மூன்றாம் புத்தகத்துக்குக் கட்டுப்பாடு வைத்தவர்கள், நிலத்தின் புத்தகத்தை ஊருக்கே திறந்து வைத்தார்கள். நிலம் யாருடையது என்பது ஊரே அறிய வேண்டிய செய்தி, இல்லையென்றால் விற்பவரையும் வாங்குபவரையும் காப்பாற்ற முடியாது என்ற தெளிவு அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இருந்தது.

அதற்கும் முன்னால் போகலாம். காட்பாடி வட்டத்துத் திருவல்லம் கோயிலுக்கும் மேல்பாடிக் கோயிலுக்கும் போனவர்கள் சுவர்களில் இருக்கும் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பார்கள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நிலக்கொடை என்றால் நான்கு எல்லையும் வரும்: கீழ்பாற்கெல்லை இது, தென்பாற்கெல்லை இது என்று வாய்க்காலையும் வழியையும் பெயர் சொல்லி வெட்டியிருப்பார்கள். அவை கொடை நிலங்களின் கணக்கு. சாதாரண உழவனின் கழனி அதில் ஏறியிருக்காது. ஆனாலும் நிலத்தின் எல்லையைப் பலர் வந்து போகும் சுவரில் எழுதிவைக்கும் பழக்கம் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது. இன்றைய கிரையப் பத்திரத்தில் செக்குபந்தி என்று நான்கு எல்லை எழுதுகிறோமே, அதன் மூதாதை அந்த வரிகள்தான்.

கணக்கு எப்படி எழுதப்பட்டது

பட்டா, சிட்டா, ஜமாபந்தி, தாசில்தார், பசலி ஆகிய சொற்கள் நவாபுகளின் ஆட்சி வழியாக நம் பேச்சில் நிலைத்தவை. கர்நாடகம் என்று அப்போது அழைக்கப்பட்ட ஆற்காட்டு நவாபின் பகுதி 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அதற்கு முன்பே, 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பெற்ற பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து ஒவ்வொரு உழவனிடமும் நேராகத் தீர்வை (நிலவரி) வாங்கும் முறையைத் தொடங்கியிருந்தார்கள். ரயத்துவாரி முறையின் தொடக்கம் அது. இன்றைய திருப்பத்தூர் அந்தப் பாராமகாலைச் சேர்ந்தது. நம் பட்டாவின் வேர் நம் பக்கத்திலேயே இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அந்த முறையில் கிராமத்தின் கணக்கு முழுவதும் ஊர்க் கணக்கரான கர்ணத்தின் கையில் இருந்தது. 66 அடிச் சங்கிலி, அதில் 100 லிங்க். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். கர்ணம் வேலை பரம்பரை வேலை. கணக்குப் புத்தகங்கள் பெரும்பாலும் அவர் வீட்டிலேயே இருக்கும். எந்தக் கழனி யாருடையது என்பது அவருக்கு மனப்பாடம். ஊராருக்கு அது அவர் வாய் வழியாகத்தான் தெரியும். நேர்மையான கர்ணங்கள் இருந்தார்கள், அவர்கள் எழுதிய அடங்கல்கள் (சாகுபடிக் கணக்குகள்) இன்றும் நீதிமன்றங்களில் சாட்சி சொல்கின்றன. ஆனால் ஊரின் நிலம் முழுவதும் ஒரு வீட்டின் திண்ணையில் தங்கியிருந்த முறை அது. 1980 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் என்ற அரசுப் பணி வந்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது.

இந்த மாற்றம் நடந்த அதே ஆண்டுகளில்தான் இன்னொரு பெரிய வேலையும் நடந்துகொண்டிருந்தது. 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம். வேலூரில் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரைக் கேட்டால் யூ.டி.ஆர். என்றுதான் சொல்வார். பழைய பட்டாக்களில் செத்துப்போன பாட்டன் பெயரே நின்றுகொண்டிருந்தது. அனுபவத்தில் இருப்பவர் வேறு, கணக்கில் இருப்பவர் வேறு. இதைச் சரிசெய்து, ஏக்கர் கணக்கை ஹெக்டேராக மாற்றி, மாநிலம் முழுவதற்கும் புதிய பதிவேடு எழுதுவது அதன் நோக்கம். நல்ல நோக்கம், தேவையான வேலை. இன்று கணினியில் இருக்கும் ஏறக்குறைய எல்லாக் கிராமப் பட்டாவும் அந்தப் பதிவேட்டின் மேல் எழுந்து நிற்பதுதான்.

ஆனால் அதில் ஏறிய தவறுகளும் அப்படியே நிற்கின்றன. விசாரணை நடந்த நாளில் ஊரில் இல்லாதவன் பெயர் விட்டுப்போனது. அண்ணன் தம்பி நால்வரில் மூத்தவர் பெயர் மட்டும் ஏறியது. தனியார் கிணறும் களமும் புறம்போக்காகவும் அனாதீனமாகவும் ஆயின. ஏரி ஓடையாகச் சுருங்கியதும் உண்டு, ஓடை ஒருவர் பட்டாவுக்குள் மறைந்ததும் உண்டு. அந்த நேரத்தில் கர்ணம் போய்விட்டார். புதிய அலுவலருக்கு ஊர் தெரியாது. எந்தக் கிணறு யாருடையது என்று வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லாத இடைவெளியில் எழுதப்பட்ட பக்கங்களும் அந்தப் பதிவேட்டில் உண்டு.

பிறகு அந்தப் பதிவேடு கணினியில் ஏற்றப்பட்டது. கைப்பதிவேட்டில் ஒரு தவறு இருந்தால் பக்கத்திலேயே அடித்தல் திருத்தல் தெரியும், மையின் நிறம் தெரியும், குறிப்புக் கலத்தில் உத்தரவு எண் இருக்கும். கணினியில் ஏறும்போது முடிவு மட்டும் ஏறியது. தவறு சுத்தமான எழுத்துருவில், கியூஆர் குறியீட்டோடு வரும்போது யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பட்டா என்பது வருவாய்க் கணக்கு. அது மட்டுமே உரிமை மூலம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. கிரையப் பத்திரமும் அனுபவமும் கையில் இருப்பவர் பட்டாவில் பெயர் இல்லை என்பதற்காக நிலத்தை இழந்துவிட மாட்டார். ஆனால் வங்கியில் பயிர்க்கடன் கேட்கும்போதும், சாலைக்கு நிலம் எடுக்க இழப்பீடு கொடுக்கும்போதும் எடுத்த எடுப்பில் கேட்பது பட்டாவைத்தான்.

கோப்பு எந்த ஊரில் இருக்கிறது

வட ஆற்காடு அடிக்கடி பிரிக்கப்பட்ட மாவட்டம். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. அதுவரை மாவட்டத் தலைநகரும் சித்தூர்தான். அதே ஆண்டில் சேலம் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் நம்மோடு சேர்ந்தது. 1989 செப்டம்பரில் திருவண்ணாமலை பிரிந்து, மீதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகி, பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. வட்டங்களும் உடைந்தன. அணைக்கட்டு, கே.வி.குப்பம், பேரணாம்பட்டு எல்லாம் பிற்காலத்தில் உருவான வட்டங்கள்.

இது வரலாற்று ஆர்வலருக்கான செய்தி என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு பிரிவினையிலும் மேசை பிரிந்தது, நாற்காலி பிரிந்தது, ஆள் பிரிந்தார். பழைய கட்டுகளில் சில போயின, சில தாய் அலுவலகத்திலேயே தங்கின. ஆகவே வாலாஜாவுக்கோ வாணியம்பாடிக்கோ உரிய 1985ஆம் ஆண்டு உத்தரவு வேலூரில் இருக்கக்கூடும். அணைக்கட்டு வட்டத்துக் கிராமம் ஒன்றின் யூ.டி.ஆர். தாள்கள் அது முன்பு சேர்ந்திருந்த வேலூர் வட்டத்தின் கட்டுகளில் இருக்கக்கூடும். ‘இங்கே இல்லை, அங்கே போங்கள்’ என்ற பதிலுக்குப் பின்னால் பல நேரம் உண்மையும் இருக்கிறது. அதைக் கேட்டு மனம் தளர்ந்து திரும்பிப் போகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அந்த அலைச்சலை அவர்கள் படவே தேவையில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(3)ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. கேட்ட தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், மனுவைப் பெற்றவரே ஐந்து நாளுக்குள் அங்கே அனுப்பிவைத்து, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். கோப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அரசாங்கத்தின் வேலை. குடிமகன் மூன்று ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

எப்படிக் கேட்பது

தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றிய மாநிலம். ஆனால் அதில் விதிவிலக்குகளின் பட்டியல் நீளமாக இருந்தது, பயன் குறைவு. 2005ஆம் ஆண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம்தான் நிலைமையை மாற்றியது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது. 30 நாளில் பதில் வர வேண்டும். தாமதமானால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தாலோ மறுத்தாலோ தகவல் ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அந்த அலுவலரிடமே தண்டம் வசூலிக்கலாம்.

இவ்வளவு கூர்மையான கருவி பலர் கையில் மழுங்கிப் போவதற்குக் காரணம் கேள்வியின் அமைப்பு. எங்கள் முதல் மனுவும் அப்படித்தான் வீணானது. பெரியப்பா ஆதங்கத்தோடு சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: ‘எங்கள் கிணற்றை அனாதீனம் என்று ஏன் எழுதினீர்கள்?’ பதில் ஒரே வரியில் வந்தது. ‘ஏன் என்ற வினாவுக்கு இச்சட்டத்தின் கீழ் விடையளிக்க இயலாது.’

கோபம் வந்தது. ஆனால் சட்டப்படி அந்தப் பதில் தவறில்லை. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் இந்தச் சட்டம் தரும்; புதிதாக விளக்கம் எழுதித் தரும்படி யாரையும் அது கட்டாயப்படுத்தாது. உச்ச நீதிமன்றம் 2011இல் ஒரு தீர்ப்பில் இதை வரையறுத்துச் சொல்லியிருக்கிறது. ஆகவே காரணத்தைக் கேட்கக் கூடாது. காரணம் எழுதியிருக்கும் தாளைக் கேட்க வேண்டும். இரண்டாம் மனுவில் கிராமத்தையும் புல எண்ணையும் எழுதிவிட்டு இப்படிக் கேட்டோம்: யூ.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேட்டில் இந்தப் புலத்துக்குரிய பக்கத்தின் நகல், யூ.டி.ஆரில் தயாரான அ பதிவேட்டின் அதே பக்கம். பழைய புலப்படம், புதிய புலப்படம். உட்பிரிவு செய்தபோது நடந்த விசாரணையின் தாள்களும் அறிவிப்பை உரியவரிடம் சேர்த்ததற்கான ஒப்புதலும். இவற்றை நேரில் பார்வையிட ஒரு நாளும் நேரமும்.

கடைசியாகச் சொன்ன பார்வையிடும் உரிமையைப் பலர் பயன்படுத்துவதில்லை. சட்டத்தின் 2(ஜே) பிரிவில் அது இருக்கிறது: ஆவணத்தை நேரில் பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம், சான்றிட்ட நகல் கேட்கலாம். எந்தப் பக்கம் வேண்டும் என்று தெரியாதபோது கட்டையே எதிரில் வைத்துப் புரட்டுவதைவிட நல்ல வழி கிடையாது.

வழக்கமாக வரும் மறுப்புகள் இரண்டு. ஒன்று, ‘கோப்பு கிடைக்கவில்லை’. அந்தச் சொல் இந்தச் சட்டத்தில் விதிவிலக்காக எழுதப்படவில்லை. அலுவலகத்தில் இருந்த ஆவணம் காணவில்லை என்று சொல்லி முடித்துவிட முடியாது, முழுமையாகத் தேட வேண்டும், தேவைப்பட்டால் விசாரித்துப் பொறுப்பு யாருடையது என்று நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அதே துறையின் மேலதிகாரியிடம் செய்யும் முதல் மேல்முறையீட்டில் இந்த வரியை எழுதினால் தேடும் வேகம் கூடுகிறது. இது நான் கண்ணால் பார்த்தது.

மற்றது, ‘மூன்றாம் நபர் விவரம் என்பதால் வழங்க இயலாது’. பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஒரு தாளில் இருந்தாலே இந்தப் பதில் வருகிறது. 11ஆம் பிரிவு சொல்வது வேறு. மூன்றாம் நபர் இரகசியமாகக் கொடுத்த தகவல் என்றால், அவருக்குக் கடிதம் எழுதி அவர் கருத்தைக் கேட்டு, பிறகு அலுவலர் முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் நடைமுறை. மறுப்பதற்கான காரணமாக அது எழுதப்படவில்லை. வருவாய்த் துறையே விசாரித்து எழுதிய பதிவேடு எவரும் இரகசியமாகக் கொடுத்ததும் அல்ல.

தனியுரிமை பற்றிய 8(1)(ஜே) பிரிவு உண்மையிலேயே கவனிக்க வேண்டியது. முன்பு அதில் பொது நலனுக்குத் தொடர்பில்லாத, தேவையின்றி ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிடும் தகவலை மட்டும் மறுக்கலாம் என்று இருந்தது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற அருமையான வாசகமும் இருந்தது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை நீக்கி, தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. நிலப் பதிவு என்பதே பெயர்களால் ஆனது. பெயர் இருக்கும் தாளை எல்லாம் தனிநபர் தகவல் என்று மூடத் தொடங்கினால் 1908ஆம் ஆண்டுச் சட்டம் திறந்து வைத்த கதவு 2025இல் சாத்தப்படும். இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன். ஆதார் எண்ணையும் கைபேசி எண்ணையும் மறைக்கட்டும். மறைக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தர 10ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது. நிலத்தின் பரப்பும் வகையும், பெயர் மாறிய உத்தரவும் ஒருவரின் வீட்டுக்குள் நடக்கும் விஷயங்கள் அல்ல.

நல்லவேளையாக இரண்டு வாசல்கள் இன்னும் அடைபடவில்லை. பொது நலன் பெரிது என்றால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்கிறது 8(2). நில விஷயத்தில் அதைவிடப் பயனுள்ளது 8(3): இருபது ஆண்டுக்கு முன் நடந்தவை பற்றிய தகவலை, நாட்டின் பாதுகாப்பு போன்ற மூன்று விலக்குகள் தவிர, யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். தனியுரிமை அந்த மூன்றில் இல்லை. 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆரின் தாள் ஒவ்வொன்றும் இந்த எல்லையைக் கடந்துவிட்டது. மனுவின் முதல் பத்தியிலேயே 8(3) என்று எழுதிவிடுவது நல்லது.

ஊர் நிலம்

சொந்த நிலத்தைப் பற்றியே இதுவரை பேசினேன். பொது நிலத்துக்கு இந்தச் சட்டம் இன்னும் அவசியம். அங்கே பத்திரத்தோடு வந்து நிற்க ஒரு குடும்பம் இல்லை. ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மேய்க்கால், களம், சுடுகாடு எல்லாம் அ பதிவேட்டில் ஒவ்வொரு வரியாக இருக்கின்றன. வரி மாறினால் ஊர் இழக்கிறது, ஆனால் யாருக்கும் கடிதம் வராது. கிராமத்துப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் ஏரிகளுக்கென்றே 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இவற்றைக் கொண்டு எதையும் செய்வதற்கு முன் முதலில் கையில் வேண்டியது பழைய அ பதிவேட்டின் பக்கமும் புதிய பக்கமும் அருகருகே.

பஞ்சமி நிலமும் அப்படித்தான். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் பத்து ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது, பிறகும் அந்த மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை எழுதிய ஒதுக்கீட்டுப் பதிவும் பழைய பதிவேட்டின் குறிப்பும் கையில் கிடைக்காவிட்டால், இன்று வேறு பெயரில் நிற்கும் பட்டாவுக்கு எதிராக ஏழைக் குடும்பம் எதைக் காட்டும்? இங்கே கேட்கப்படுவது முழுக்க முழுக்க ‘மூன்றாம் நபர்’ தகவல்தான். அதை மூடினால் அந்த மக்களின் வழக்கே மூடப்படுகிறது.

ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகங்களில் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கிறது. ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் பசலி என்ற வருவாய் ஆண்டின் கிராமக் கணக்குகள் எல்லாம் அன்று மேசைக்கு வருகின்றன. மக்கள் மனுக் கொடுக்கும் நாளாக மட்டும் அதைப் பார்க்கிறோம். உங்கள் கிராமத்தின் பதிவேடு பீரோவைவிட்டு வெளியே வரும் நாள் அது. ஏரியின் வரியைக் காட்டும்படி அன்று கேட்கலாம்.

எங்கள் இரண்டாம் மனுவுக்கும் முதலில் ‘கிடைக்கவில்லை’ என்றுதான் பதில் வந்தது. மேல்முறையீடு செய்தோம். கோப்பு தாய் வட்டத்தின் பழைய கட்டில் இருந்தது. பார்வையிட நாள் கொடுத்தார்கள். பழுப்பேறிய பதிவேட்டைப் பணியாளர் ஒருவர் தூசி தட்டிப் பொறுமையாகப் புரட்டிக் காட்டினார். யூ.டி.ஆருக்கு முந்தைய பக்கத்தில் எங்கள் தாத்தாவின் பெயர், ஒரு ஏக்கர், புன்செய், கிணறு ஒன்று. புதிய பக்கத்தில் அதே புலம் இரண்டாக உடைந்து, கிணறு தனியே. அதற்குரிய விசாரணைத் தாளில் தேதி 1984 பிப்ரவரி. ‘நில உடைமையாளர் ஆஜராகவில்லை’ என்று ஒரு வரி. அறிவிப்பைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது, கைரேகையும் இல்லை.

பெரியப்பா அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தாத்தா இறந்தது 1983 ஐப்பசியில். அந்த மாசியில் வீட்டில் பெரியவர்கள் யாரும் ஊரில் இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலையில் இருந்தார்கள்.

பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி ஆறு பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் வாங்கினோம். அவற்றை இணைத்துப் பதிவைத் திருத்தக் கோரும் மனு இப்போது கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. விசாரணைக்கு அழைத்தால் எடுத்துப்போக 1961ஆம் ஆண்டுப் பத்திரமும் அந்த ஆறு தாள்களும் ஒரு மஞ்சள் பையில் தயாராக இருக்கின்றன. பெரியப்பா அந்தப் பையைத் தன் தலைமாட்டில் வைத்திருக்கிறார்.